சீட்டு இல்லாமல் தொடாதவர்

"இன்னிக்கி ரிப்போர்ட் வராது டாக்டர்" என்றுதான் கலியபெருமாள் ஆரம்பித்தார். நான் நோயாளிகளை அனுப்பும் பரிசோதனைக் கூடத்தின் உரிமையாளர் அவர். காலை ஏழு மணிக்கு அவர் என்னை அழைத்ததே கிடையாது. ஏதோ இயந்திரம் படுத்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி, "பரவால்ல, நாளைக்கி அனுப்பச் சொல்லுங்க மர்செலின்கிட்ட" என்றேன். அவர் பிறகுதான் சொன்னார். "நம்ம மர்செலினம்மா போயிட்டாங்க டாக்டர். பால்காரர் கதவத் தட்டித் தட்டிப் பாத்துட்டு பக்கத்து வீட்ல சொல்லியிருக்காரு. தூக்கத்துலயே போயிருக்கு."

நான் "சரி" என்றேன். கூட வேலை செய்தவர் இறந்துபோன செய்திக்கு "சரி" என்று பதில் சொன்னவன் நான். போனை வைத்துவிட்டுக் குளித்தேன், இட்லி சாப்பிட்டேன், கிளினிக்கைத் திறந்து மதியம்வரை நோயாளிகளைப் பார்த்தேன். மூன்று மணிக்கு, கை பழகியபடி, நாற்காலியைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அது அடிக்கவில்லை. செய்தி எனக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான்.

மர்செலினை, இந்த அஞ்சலியைப் படிக்கிற உங்களில் பலர் என்னைவிட நெருக்கமாக அறிந்தவர்கள். கோயிலில் அவரோடு பாடியவர்கள் இருக்கிறீர்கள், அவர் தெருக்காரர்கள் இருக்கிறீர்கள், கூடத்தில் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். நான் அவரைப் பெரும்பாலும் குரலாகவே அறிந்தவன். என் தோல் கிளினிக் கருவடிக்குப்பம் போகிற வழியில், அவர் கூடம் ஊருக்குள்ளே. பதினான்கு வருடம், ஞாயிறு தவிர, தினமும் மூன்று மணிக்கு அவர் என்னை அழைப்பார். முந்தின நாட்களில் நான் அனுப்பியவர்களின் சீழ், அவர் கிருமி வளர்க்கும் தட்டுகளில் என்னவாக வளர்ந்திருக்கிறது என்று சொல்வார்.

நான் போனை எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லமாட்டேன். "திராட்சையா, குச்சியா?" என்பேன். எங்களுக்குள் அதுதான் வணக்கம். சீழைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் ஏற்றிப் பார்த்தால் சில கிருமிகள் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தெரியும், சில சிவப்பாகக் குச்சி குச்சியாகத் தெரியும். முன்னதற்கு ஒரு மருந்து, பின்னதற்கு வேறு மருந்து. அவ்வளவு பெரிய சாஸ்திரத்தை நாங்கள் இருவரும் பழக்கடைப் பேச்சாக்கி வைத்திருந்தோம். "இன்னிக்கி பூரா திராட்சைதான் டாக்டர், சீசன் போலருக்குது" என்று அவர் சிரிப்பில்லாத குரலில் சொல்வார். நான் சிரிப்பேன்.

இப்படித் தினமும் பேசுகிற ஒரு கல்யாணமாகாத ஆணையும் கல்யாணமாகாத பெண்ணையும் ஊர் சும்மா விடுமா? பேசியது. கலியபெருமாளே ஒருமுறை சுற்றி வளைத்துக் கேட்டார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சொல்லி அனுப்பினேன். உண்மையில் ஒன்றும் இல்லைதான். அதை இப்போது எழுதும்போது, ஏனோ, கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.

அவர் வேலை செய்யும் விதத்தைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுக்கிற ஒருவர் என்னிடம் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். தாடிப் பகுதி முழுக்கப் பரு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பருக் களிம்புகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். "இன்னா டாக்டர், இத்தினி பூசியும் அடங்கமாட்டுது" என்றார். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பரு என்றால் சீழ்க்கட்டிகளுக்கு நடுவே எண்ணெய் அடைத்த கருமுள்ளும் வெண்முள்ளும் கலந்து கிடக்கும், ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாக இருக்கும். இவருக்கு முள் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரே அளவு, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முடி, தொட்டால் வலிப்பதைவிட அரிப்பு. முடி முளைக்கிற குழியில் கிருமி போய்க் குடியிருக்கிறது என்று தெரிந்தது. பஞ்சுக் குச்சியில் சீழை எடுத்து, சீட்டு எழுதி, மர்செலினிடம் அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து மூன்று மணிக்குத் தொலைபேசி. "திராட்சை டாக்டர். ஆள ஒரு நிமிஷம் எங்கிட்ட பேசவிடுங்க." அந்த ஏலக்காரர் என் அறையில்தான் இருந்தார். போனைக் கொடுத்தேன். அவர் முகத்தை எது எது தொடுகிறது என்று மர்செலின் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. "துண்டுதாம்மா... ஆமாம்மா, அதே துண்டுதான்... அண்ணன் தம்பி மூணு பேருக்கும் ஒரே பிளேடு செட்டுதாம்மா" என்று அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. மீன் பெட்டியைத் துடைக்கிற துண்டிலேயே முகத்தையும் துடைத்திருக்கிறார். ஒரு வாரத்துக்கு மாத்திரை, மூக்குக்குள் தடவ ஒரு களிம்பு, ஆளுக்கொரு சவரக் கத்தி, துண்டையும் தலையணை உறையையும் கொதிக்கிற நீரில் போட்டு எடுப்பது. அதோடு போனது. அடுத்த மாதம் ஒரு பெரிய வஞ்சிர மீனைக் கொண்டுவந்து, எனக்குக் கொடுக்காமல், அந்த அம்மா வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

ஆனால் ஒரு விஷயத்தில் மர்செலின் பாறை. சீட்டு இல்லாமல் எதையும் தொடமாட்டார். நோயாளியின் பெயர், வயது, எங்கிருந்து எடுத்தது, என்ன பார்க்க வேண்டும், கீழே என் கையெழுத்து, இவ்வளவும் வேண்டும். ஒருமுறை மறதியில் சீட்டு வைக்காமல் சீழ் எடுத்த குழாயை மட்டும் அனுப்பிவிட்டேன். அவசரம் என்று போனில் கெஞ்சினேன். "சீட்டு வந்தா பாக்கறேன் டாக்டர்" என்றார். மழையில் நானே ஸ்கூட்டரில் போய்ச் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்தப் பெண்பிள்ளைக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன்னால் என் தவறைச் சொல்ல வேண்டும்.

மர்செலினுக்கு நாற்பத்தைந்து வயதில் முகத்தில் பரு வந்தது. அந்த வயதில் சில பெண்களுக்கு வரும். என்னிடம் கேட்டார். நான் வழக்கமாகக் கொடுக்கிற பரு மாத்திரையை எழுதிக் கொடுத்தேன். முதலில் நன்றாக அடங்கியது. சில மாதம் போனதும் மறுபடி கிளம்பியது. இந்த முறை மூக்கைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் மோவாயிலும். நான் அளவைக் கூட்டினேன். அடங்கவில்லை. தொடர்ந்து கொடுத்தேன்.

எத்தனை நாள் என்று கேட்பீர்கள். மூன்று வருடம்.

மற்ற நோயாளிகள் இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே வருவார்கள். முக்காலியில் உட்கார வைத்து, விளக்கைப் போட்டு, லென்ஸைப் பிடித்துப் பார்ப்பேன். மர்செலின் என்னோடு வேலை செய்கிறவர். அவரைக் காக்க வைப்பது மரியாதையா? மாதம் ஒருமுறை வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு வருவார். கதவருகே நிற்பார், உட்காரமாட்டார். கைக்குட்டையால் மோவாயை மறைத்துக்கொண்டு, "அதே மாத்திரதானா டாக்டர்?" என்பார். "அதே" என்று நான் எழுதிக் கிழித்துக் கொடுப்பேன். சலுகை காட்டினேன். அந்தச் சலுகையில் அவருக்கு முக்காலியும் இல்லை, விளக்கும் இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தான் என்பார்கள். நான் அலையக்கூட இல்லை.

அந்த மூன்று வருடத்தில் அவர் இழந்தது என்ன என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்கிற சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கியவர். அக்கா ஒதீல் கல்யாணமாகி பிரான்சுக்குப் போய் முப்பது வருடம். மர்செலினிடமும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தது, ஆனால் அப்பாவைப் பார்த்துக்கொள்ள இங்கே தங்கியவர், அப்பா போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். அவர்கள் குடும்பங்களில் சந்தித்தாலும் பிரிந்தாலும் இரண்டு கன்னத்திலும் கன்னம் வைத்து முத்தமிடுவது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். நமக்குக் கைகூப்புவது எப்படியோ அப்படி. சீழ் கட்டிய முகத்தை யாரிடம் நீட்டுவது? ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒதீல் வரும்போது மர்செலினுக்குக் காய்ச்சல் வந்தது. ஒட்டிக்கும் என்று சொல்லி அக்காவை இரண்டடி தள்ளியே நிற்க வைத்தார். அக்கா மகளின் கல்யாணத்துக்கு டிக்கெட்டே அனுப்பியிருந்தார்கள். லீவு தரமாட்டேங்கறாங்க என்று எழுதிவிட்டார். "லீவா? கேக்கவே இல்லியே டாக்டர் அவங்க!" என்று கலியபெருமாள் பின்னால் ஒரு நாள் என்னிடம் ஆச்சரியப்பட்டார். கோயிலில்கூடக் கடைசி வரிசைக்கு, தூணோரமாக, போய்விட்டார் என்று உங்களில் ஒருவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

உண்மை வெளிவந்தது ஒரு கல்லூரிப் பெண்ணால். அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிறவள். ஆறு மாதமாக வேறு ஒருவரிடம் பரு மாத்திரை சாப்பிட்டவள். திடீரென்று மூக்கையும் வாயையும் சுற்றி மஞ்சள் தலையோடு குட்டிக் குட்டிக் கொப்புளங்கள், எல்லாம் ஒரே அளவு. "மாத்திர சாப்பிடச் சாப்பிட ஜாஸ்தியாவுது சார்" என்று அழுதாள். பார்த்த உடனே சந்தேகம் வந்தது. பரு மாத்திரையை நாள்கணக்கில் சாப்பிட்டால், மூக்குக்குள் இருக்கிற நல்ல கிருமிகள் செத்து, அந்த இடத்தில் வேறு வகைக் கிருமி குடியேறும். அது முகத்துக்கு இறங்கி முடிக்குழிகளில் புகுந்துகொள்ளும். பார்ப்பதற்குப் பரு மாதிரியே இருக்கும். நாம் மேலும் மாத்திரை கொடுப்போம், அதற்கு அது விருந்து. முகத்திலும் மூக்கிலும் எடுத்து, சீட்டு எழுதி அனுப்பினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று மணிக்குத் தொலைபேசி வந்தது.

"திராட்சையா, குச்சியா?"

"குச்சி டாக்டர். செகப்புக் குச்சி. மூக்குலயும் அதே." அடுத்த பெயருக்குப் போகாமல் கேட்டார். "இந்தப் பொண்ணு எத்தினி மாசமா பரு மாத்திர சாப்புடுது?"

"ஆறு மாசமா."

கூடத்தில் ஏதோ இயந்திரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் மூணு வருஷமா சாப்புடறேன் டாக்டர்" என்றார் மர்செலின்.

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. தட்டில் என்ன வளர்ந்திருக்கிறது என்று சொல்கிற அதே குரல். எனக்குக் காது சுட்டது. "இன்னிக்கே வாங்க. சீட்டு எழுதி வைக்கறேன்" என்றேன்.

சீட்டை எடுத்தேன். பெயர் எழுதினேன். வயது என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. இத்தனை வருடம் தினமும் பேசிய மனுஷியின் வயது எனக்குத் தெரியவில்லை. அவர் வந்ததும் கேட்டேன். "நாப்பத்தெட்டு" என்றார். முதல் தடவையாக அவரை முக்காலியில் உட்கார வைத்தேன், முதல் தடவையாக அந்த முகத்தில் விளக்கைப் போட்டேன். கருமுள் இல்லை, வெண்முள் இல்லை. ஒரே அளவுக் கொப்புளங்கள். என்னிடம் முதல் வருடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

"ஒங்களுக்கு முன்னாடியே சந்தேகம் வரலியா?" என்று கேட்டேன். கேட்கிறவனுக்கு எவ்வளவு திமிர் பாருங்கள்.

"வந்துச்சு."

"அப்ப சொல்லியிருக்கலாமே! தட்டு ஒங்க கையில, மைக்ராஸ்கோப்பு ஒங்க கையில. நீங்களே எடுத்துப் பாத்திருக்கலாமே."

"நீங்க கேக்கலியே டாக்டர்" என்றார்.

அப்புறம்தான் அவர் அப்பா கதையைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிது. அப்பா ஓயாமல் இருமிக்கொண்டிருந்தார், டாக்டரிடம் போக மறுத்தார். மர்செலின் அவர் துப்பிய சளியை ஒரு குப்பியில் பிடித்து, யாருக்கும் தெரியாமல் கூடத்துக்குக் கொண்டுபோய், சாயம் ஏற்றிப் பார்த்திருக்கிறார். காசநோய். டாக்டர் யாரும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. யாரிடம் போய் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு வாரம் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குத் தட்டு தனியாக வைத்தார். ஏன் என் தட்டை மாற்றினாய் என்று அப்பா கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்து போனார். பிறகு ஒரு வழியாக டாக்டரிடம் அழைத்துப் போய், வைத்தியம் பார்த்துக் குணமாகிவிட்டது. ஆனால் அந்த இரண்டு வாரத்தை மர்செலின் மறக்கவில்லை.

"தெரிஞ்சத வெச்சிக்கினு ஒண்டியா இருக்கறது இருக்கே, அது ரொம்பக் கஷ்டம் டாக்டர். சீட்டுன்னா என்னா? ஒருத்தர் கேட்டிருக்காங்கன்னு அர்த்தம். சொல்றதுக்கு ஒரு ஆளு அந்தப் பக்கம் இருக்காங்கன்னு அர்த்தம். அது இல்லாம நான் பாக்கறதில்ல."

நான் ஊசி முனையால் ஒரு கொப்புளத்தைத் திறந்து சீழ் எடுத்தேன், மூக்கிலிருந்தும் எடுத்தேன். இரண்டு குழாய்களையும் என் சீட்டையும் அவரே தன் கைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனார்.

இரண்டு நாள் கழித்து மூன்று மணிக்கு, நான் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அவரே படித்தார். "நோயாளி பேரு மர்செலின். வயசு நாப்பத்தெட்டு. பெண். செகப்புக் குச்சி டாக்டர், ரெண்டு எடத்துலயும்." எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று வரிசையாகச் சொன்னார். நான் கொடுத்துவந்த மாத்திரை அடங்காத பட்டியலில் முதலில் இருந்தது. "என்ன மன்னிச்சிடுங்க" என்றேன். "எழுதிக்கினீங்களா டாக்டர்? பேப்பர் அப்புறம் வரும்" என்றார்.

அன்றே பரு மாத்திரையை நிறுத்தினோம். தோலின் எண்ணெய்ச் சுரப்பையே வற்ற வைக்கிற வேறொரு மருந்து, ஐந்து மாதம். பெண்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் கர்ப்பமில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் கொடுக்க வேண்டும். நான் மென்று விழுங்கி, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். மர்செலின் சிரித்தது அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. "அதுக்கு மட்டும் சீட்டு எழுதிடாதீங்க டாக்டர், கலியபெருமாள் மயக்கம் போட்டுடுவாரு. அந்தக் கடையெல்லாம் மூடி ரெண்டு வருஷமாவுது" என்றார். உதடு வெடித்தது, கண் காய்ந்தது. மாதா மாதம் ரத்தக் கொழுப்பும் ஈரலும் பார்க்க வேண்டும். அதையும் சீட்டு இல்லாமல் தன் கையாலேயே தனக்குச் செய்துகொள்ளவில்லை. மூன்றாவது மாதம் கைக்குட்டை இல்லாமல் வந்தார். நான் விளக்கைப் போட்டுப் பார்த்து, "ம்" என்றேன். சந்தோஷத்தைச் சொல்ல எனக்குத் தெரிந்த சொல் அவ்வளவுதான்.

அடுத்த ஆகஸ்டில் ஒதீலை என் கிளினிக்குக்கே அழைத்து வந்தார். அக்காவும் தங்கையும் அச்சாக ஒரே மாதிரி, அக்கா மட்டும் சிவந்து கொழுத்திருந்தார். ஒதீல் தமிழும் பிரெஞ்சும் கலந்து கடகடவென்று பேசினார். கிளம்பும்போது, நான் கைகூப்புவதற்குள், "மெர்சி தொக்தேர்" என்று நன்றி சொல்லி என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டார். நான் கம்பம் மாதிரி நின்றேன். பக்கத்தில் மர்செலின் சிரித்துக்கொண்டே ஓரடி முன்னால் வந்து, தன் முகத்தைச் சற்றே திருப்பி, கன்னத்தை என் பக்கம் நீட்டினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? விளக்கைப் போட்டு, லென்ஸை எடுத்து, அந்தக் கன்னத்தைப் பார்த்தேன். "தழும்பு அதிகமில்ல" என்றேன்.

அக்காவும் தங்கையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "பாத்தாச்சா டாக்டர்? அப்ப வர்றோம்" என்றார் மர்செலின், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகும் நான் லென்ஸைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தேன். அந்தக் கன்னம் எதற்காக நீட்டப்பட்டது என்பது எனக்குப் புரிந்தபோது அவர்கள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள். மூன்று வருடம் யாருக்கும் நீட்டாத கன்னம் அது. மறுநாள் மூன்று மணிக்கு அதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாக்கியமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். தொலைபேசி அடித்தது. "திராட்சையா, குச்சியா?" என்றுதான் வாயில் வந்தது.

இவ்வளவும் நடந்து ஐந்து வருடமாகிறது. இதிலிருந்து நான் ஏதோ கற்றுக்கொண்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். இனி எழுதுவதுதான், இந்த அஞ்சலியை எழுத வேண்டும் என்று நான் உட்கார்ந்ததற்கே காரணம்.

கடைசி இரண்டு வாரமாக, போனில் பேசும்போது மர்செலின் நடுநடுவே நிறுத்தினார். நோயாளியின் பெயரைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு வயதைச் சொன்னார். ஒரு நாள் நானே, "என்ன, இளைக்குது?" என்றேன். "மாடி ஏறி வந்தேன் டாக்டர்" என்றார். நான் "ஓ" என்றுவிட்டு அடுத்த நோயாளிக்குப் போய்விட்டேன். அந்தக் கூடத்துக்கு மாடியே கிடையாது. அது எனக்குத் தெரியும். மழையில் சீட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். என் காது அதைக் கேட்டது, என் புத்தி அதைக் குறித்துக்கொண்டது, என் வாய்தான் திறக்கவில்லை. யாரும் கேட்காமல் அவர் சொல்லமாட்டார் என்பதை உலகத்தில் அறிந்திருந்த ஒரே ஆள் நான்தான்.

ஒதீல் வந்து சேர்கிறவரை இரண்டு நாள் உடலைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள். பெட்டியை மூடுவதற்கு முன் அக்கா குனிந்து தங்கையின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். நான் இரண்டடி தள்ளிக் கைகூப்பி நின்றேன். அங்கிருந்தே தெரிந்தது, முகத்தில் ஒரு குறியும் இல்லை. கல்லறையிலிருந்து திரும்பும்போது ஒதீல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தொக்தேர், அவளுக்கு நெஞ்சு வலி இருந்துச்சா? ஒங்ககிட்ட எதனா சொன்னாளா?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லல" என்றேன். அது உண்மை. மாடி ஏது என்று நான் திருப்பிக் கேட்கவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அவரிடமும் யாராவது சொல்லிவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய நோயாளி அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். மர்செலினின் அட்டையும் இருந்தது. பின்பக்கம் ஒரு உறை குத்தியிருந்தது, கூடத்தின் உறை, ஒட்டியது ஒட்டியபடி. அவருடைய சீழுக்கு அவரே எழுதிய ரிப்போர்ட். போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுவிட்டேனே, தாள் எதற்கு என்று பிரிக்காமலே அட்டையில் குத்தி வைத்திருக்கிறேன். ஐந்து வருடம் என் தலைக்குப் பின்னால் அலமாரியில் இருந்திருக்கிறது. இப்போது பிரித்தேன். பெயர், வயது, கிருமியின் பெயர், அடங்கும் மருந்துகள், அடங்காத மருந்துகள். எல்லாம் அவர் போனில் சொன்ன அதே வரிசையில். கீழே குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு, எப்போதும் காலியாகத்தான் வரும். அதில் தமிழில், சாய்ந்த கையெழுத்தில், எழுதியிருந்தார்.

"கேட்டதற்கு நன்றி."

மர்செலினிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு தாள்தான். இப்போதெல்லாம் கிளினிக்கில் நோயாளி எழுந்து போகும்போது, "வேற எதனா இருக்கா?" என்று கேட்கிறேன். சிலர் மறுபடி உட்காருகிறார்கள். மூன்று மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. தாளைப் படித்துவிட்டேன் என்று சொல்வதற்கு எனக்கு இந்த ஊரில் ஓர் எண்தான் தெரியும், அவர் மேசையில் இருந்த தொலைபேசியின் எண்.